இரண்டு ஓட்டை போட்ட பில்டர்

எழுதத் தகுதி இல்லாதவன் எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ள வேண்டும். பத்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவன் நான். நாலு பேர் முன்னால் பேசச் சொன்னால் தண்ணீர் குடிக்கிற சாக்கில் வெளியே போய்விடுவேன். ஓய்வு பெற்ற அன்று கழுத்தில் மாலை போட்டு மைக்கைக் கையில் திணித்தார்கள். "எல்லாருக்கும் நன்றி, சாப்பிட்டுட்டுத்தான் போகணும்" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டேன். சாப்பாடு போட்டவர்கள் அவர்கள், விருந்தாளி நான். அதை இன்னும் விமானம் நிறுத்தும் ஹேங்கரில் சொல்லிச் சிரிக்கிறார்களாம்.

என்னை எழுத வைத்தது ஒரு போட்டோ. என் வேலைக்கு வந்திருக்கும் பாண்டி போன மாதம் வாட்ஸ்அப்பில் அனுப்பினார். விமானத்தின் மூக்குச் சக்கரத்தைச் சுற்றித் தரை முழுக்கக் கறுப்பு எண்ணெய். கீழே ஒரு வரி: "அண்ணே, ஆயில் பில்டர் மாத்துனேன். நீங்க மட்டும் எப்படி ஒரு சொட்டு சிந்தாம கழட்டுனீக?" போனில் சொல்ல ஆரம்பித்தேன். பாதியில் நாக்கு ஒட்டிக்கொண்டது. எழுதித் தருகிறேன் என்று சொல்லி வைத்துவிட்டேன். இப்போது உட்கார்ந்து பார்த்தால், ஸ்டெல்லா மேடத்தைச் சொல்லாமல் பில்டரைச் சொல்ல முடியாது போலிருக்கிறது. அவரைச் சொன்னால் நான் செய்த காரியத்தையும் சொல்லியாக வேண்டும்.

என் ஊர் கொத்தமங்கலம். பெயர் சேவுகப்பெருமாள். படிப்பை விட்டதும் தேவகோட்டையில் ஓர் எண்ணெய்க் கடையில் மூன்று வருடம் டின் உடைத்துச் சில்லறைக்கு ஊற்றினேன். பிறகு காரைக்குடியில் ஒரு லாரிப் பட்டறையில் இருபத்து மூன்று வருடம். பட்டறை முதலாளி கடையை மூடிவிட்டு மகனிடம் போனபோது எனக்கு நாற்பத்திரண்டு வயது. பக்கத்து ஓடுதளத்தில் விமானம் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் பள்ளி ஒன்று வந்திருந்தது. விமானத்தைத் தள்ளவும் கழுவவும் ஆள் கேட்டார்கள். போனேன். தள்ளினேன், கழுவினேன். ஒரு வருடம் கழித்துக் கையில் ஸ்பேனரைக் கொடுத்தார்கள். என் பயிற்சிக் காலம் அவ்வளவுதான்.

ஸ்பேனரைக் கொடுத்தவர் ஸ்டெல்லா மேடம். அந்தப் பள்ளியில் விமானம் பறக்கலாம் என்று கையெழுத்துப் போடும் உரிமம் பெற்ற என்ஜினீயர் அவர் ஒருவர்தான். தேவகோட்டைக்காரர். அப்பா பள்ளிக்கூட வாத்தியார். மேடம் ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பூசைக்குப் போகாமல் வேலைக்கு வரமாட்டார். மேடத்துக்கு என்னைவிடப் பன்னிரண்டு வயது குறைவு. நான் "மேடம்" என்பேன். அவர் என்னை "அண்ணே" என்பார். எனக்கு மேலே இருப்பவர் என்னை அண்ணே என்று கூப்பிட்டது அதற்கு முன்னால் நடந்ததில்லை. லாரிப் பட்டறையில் எனக்கு வேறு பெயர்கள் இருந்தன. அவற்றை எழுத முடியாது.

அவருடைய தோரணையைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். எந்த வேலையை ஆரம்பித்தாலும் விமானத்தின் கையேட்டைத் திறந்து அந்தப் பக்கத்தைச் சத்தமாகப் படிப்பார். நூறு தடவை செய்த வேலையாக இருந்தாலும் படிப்பார். நான் ஏதாவது சொன்னால் "புக்குல என்ன போட்டிருக்கு?" என்பார். திட்டமாட்டார். முடுக்கிய ஒவ்வொரு நட்டையும் கடைசியில் சுட்டுவிரலால் ஒரு தடவை தொடுவார். அவசரமான வேலை வந்தால் கையில் இருக்கும் வாட்ச்சைக் கழற்றி டூல் பெட்டிக்குள் போட்டு மூடிவிடுவார். ஏன் என்று ஒருநாள் கேட்டேன். "அது என்னைப் பாத்துக்கிட்டே இருக்குண்ணே" என்றார்.

முதன்முதலில் நான் பில்டர் கழற்றிய நாள் பாண்டியின் போட்டோவைவிட மோசம். லாரியில் பில்டர் நின்றுகொண்டிருக்கும், கீழே ஒரு சட்டி வைத்தால் போதும். எங்கள் விமானத்தில் அது என்ஜினுக்குப் பின்பக்கம், விமானி உட்காரும் அறையின் தடுப்புச் சுவருக்கும் என்ஜினுக்கும் நடுவில், படுத்துக்கிடக்கும். கை நுழைய இடம் இருக்காது. நான் லாரிக்காரன் மாதிரி ஒரே முறுக்காக முறுக்கினேன். அரை லிட்டர் கறுப்பு எண்ணெய் குழாய்கள் மேலே, மின்கம்பி மேலே, மூக்குச் சக்கரத்தின் மேலே, கடைசியில் மேடத்தின் வெள்ளை கேன்வாஸ் ஷூ மேலே. ஹேங்கர் தரைக்கு அந்த மாதம்தான் சாம்பல் நிறப் பெயிண்ட் அடித்திருந்தார்கள்.

எனக்கு அழுகை வந்துவிட்டது. மேடம் போய் ஒரு பழைய வேட்டியை இரண்டாகக் கிழித்து வந்தார். ஒன்றை என்னிடம் கொடுத்தார். இன்னொன்றை வைத்துக்கொண்டு மண்டியிட்டுத் தரையின் மறுகோடியிலிருந்து துடைக்க ஆரம்பித்தார்.

"மேடம், நீங்க எந்திரிங்க மேடம்."

"நீங்க அங்குட்டிருந்து வாங்க, நான் இங்குட்டிருந்து வாரேன். நடுவுல பாத்துக்கிருவோம்."

அன்று சாயங்காலம் வீட்டுக்குப் போனதும் மீனாட்சி, என் வீட்டுக்காரி, சட்டையை மோந்து பார்த்தாள். "பிளேன் கம்பெனிக்குப் போறீகளா, செக்குக்குப் போறீகளா?" என்றாள். நான் சிரிக்கவில்லை. உரிமம் பெற்ற என்ஜினீயர் என்னால் மண்டியிட்டுத் தரை துடைத்தது மனதை அறுத்துக்கொண்டே இருந்தது. இன்னொரு தடவை அவரை அப்படித் துடைக்க விடக்கூடாது என்று எனக்குள் ஒரு வெறி வந்தது. பின்னால் நடந்த தப்புக்கும் அந்த வெறிதான் காரணம்.

பாண்டிக்காக முறையை இங்கே எழுதிவிடுகிறேன்.

முதலில் என்ஜினைச் சிறிது நேரம் ஓட்டுங்கள். எண்ணெய் சூடாக வேண்டும், ஆனால் கை வைத்தால் வைத்திருக்கக் கூடிய சூடுதான். பழைய எண்ணெயைக் கீழே இருக்கும் வடிகால் திறப்பு வழியாக முழுக்க வடிய விடுங்கள். வடிந்துவிட்டது என்று தோன்றிய பிறகும் ஒரு டீ குடிக்கும் நேரம் சும்மா இருங்கள். பாதிப் பேர் இந்த டீயைக் குடிக்காததால்தான் சிந்துகிறது. அடுத்து, பில்டருக்கு நேர் கீழே இருக்கிற குழாய், கம்பி எல்லாவற்றையும் பிளாஸ்டிக் காகிதத்தால் போர்த்துங்கள். பில்டர் கழலாமல் பிடித்திருக்கும் முறுக்குக் கம்பியை வெட்டி எடுங்கள். வெட்டிய துண்டுகளை எண்ணுங்கள். ஒரு துண்டு குறைந்தாலும் தேடி எடுத்த பிறகுதான் அடுத்த வேலை.

பிறகு நாம் தகட்டில் செய்து வைத்திருக்கிற நீளத் தொட்டி. அதன் வாய் பில்டரின் அடிக்குக் கீழே ஒட்டி நிற்க வேண்டும், வால் கீழே கேனுக்குள் போக வேண்டும். பில்டர் மேலே தடித்த பிளாஸ்டிக் பையை ஒரு தலையணை உறை மாதிரி மாட்டுங்கள். இப்போது ரெஞ்சால் கால் சுற்று மட்டும். நிறுத்துங்கள். எண்ணெய் ஓரத்தில் கசிந்து தொட்டியில் ஓடும். ஓடட்டும். நின்ற பிறகு இன்னொரு கால் சுற்று. கடைசியில் பைக்குள் கையை விட்டு, பில்டரின் வாய் மேல்நோக்கித் திரும்பும்படி ஒரே வீச்சில் எடுத்து விடுங்கள். குழந்தையைத் தொட்டிலிலிருந்து எடுப்பது போல, தலை தூக்கி.

பழைய ரப்பர் வளையம் என்ஜினிலேயே ஒட்டிக்கொண்டு நிற்கிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள். அதன் மேலே புதியதைப் போட்டால் நடு வானத்தில் எண்ணெய் எல்லாம் போய்விடும். புதிய வளையத்தில் கையேடு சொல்வதைத் தடவி, கையால் முடுக்கி, அளவு காட்டும் ரெஞ்சால் கையேடு சொல்லும் அளவுக்கு இறுக்கி, கம்பி கட்டி, என்ஜினை ஓட்டிப் பார்த்து, டார்ச் அடித்துக் கசிவு இருக்கிறதா என்று பாருங்கள். கடைசியில் சுட்டுவிரலால் ஒரு தடவை தொடுங்கள். அது கையேட்டில் இல்லை.

ஒன்று மட்டும் செய்யாதீர்கள். பில்டரில் ஓட்டை போடாதீர்கள். ஏன் என்பதுதான் மீதிக் கதை.

தொட்டி வைத்தும் ஆரம்பத்தில் எனக்கு நாலைந்து சொட்டு சிந்திக்கொண்டுதான் இருந்தது. பை மாட்டும் யோசனை அப்போது வரவில்லை. ஒவ்வொரு தடவையும் மேடம் குனிந்து பார்ப்பார். எனக்கு அந்தச் சொட்டுகள் கண்ணில் நின்றன. ஒருநாள் சைக்கிளில் வரும்போது எண்ணெய்க் கடை ஞாபகம் வந்தது. பதினைந்து கிலோ டின்னில் ஒரு ஓட்டை மட்டும் போட்டுச் சாய்த்தால் எண்ணெய் குடுகுடுவென்று துள்ளிச் சுற்றிலும் தெறிக்கும். எதிர்மூலையில் காற்றுக்கு இன்னொரு ஓட்டை போட்டால் நூல் பிடித்த மாதிரி இறங்கும். எங்கள் பக்கத்தில் எண்ணெய்க் கடையில் நின்ற எவனுக்கும் இது தெரியும். பில்டரும் ஒரு டின்தானே? கழற்றுவதற்கு முன்னால் அடியில் ஒன்று, மேலே ஒன்று போட்டுவிட்டால் உள்ளே இருப்பது எல்லாம் கேனுக்குள் இறங்கிவிடும். காலியான பில்டர் சிந்தாது.

மேடத்திடம் கேட்டிருக்கலாம். "புக்குல என்ன போட்டிருக்கு?" என்பார் என்று தெரியும். செய்து காட்டிவிட்டுச் சொல்வோம் என்று நினைத்தேன். கூச்சமுள்ளவர்களின் திமிர் இப்படித்தான் இருக்கும்.

அது ஒரு வியாழக்கிழமை மத்தியானம். மறுநாள் காலை ஏழு மணிக்கு வள்ளியம்மை என்ற மாணவி அந்த விமானத்தில் தனியாகச் சேலம் வரை போய்த் திரும்ப வேண்டும். கூட ஆசிரியர் இல்லாமல் அவ்வளவு தூரம் அவள் போவது அதுதான் முதல் தடவை. தேவகோட்டைச் செட்டியார் வீட்டுப் பெண், அப்பாவை அப்பச்சி என்பாள். சாப்பாட்டு நேரத்தில் வந்து என்ஜினை எட்டிப் பார்த்தாள்.

"அண்ணே, நாளைக்கு அப்பச்சி வாராக, நான் ஏறுறதைப் பாக்கணும்னு. வண்டி ரெடியாயிருமா?"

"ஆயிரும் தாயி."

"அப்பச்சி இதுவரைக்கும் நான் டவுன் பஸ்ல தனியாப் போனாலே ரெண்டு தடவை போன் பண்ணுவாக. நாளைக்கு எத்தனை தடவை பண்ணுவாகளோ!" என்று சிரித்துக்கொண்டே போனாள்.

மேடம் அலுவலகத்தில் இருந்தார். நான் பில்டரின் அடியில் ஆணியை வைத்துச் சுத்தியலால் தட்டினேன். ஓட்டை சின்னதாக இருந்தது. பழைய டிரில் பிட் ஒன்றைக் கையால் திருகி அகலமாக்கினேன். பிறகு மேலே ஒன்று. எண்ணெய் நூல் பிடித்தது. கேனுக்குள் ஒரு சத்தம் கூட இல்லாமல் இறங்கியது. பில்டரைக் கழற்றினேன். தரையில், சக்கரத்தில், என் கையில், எங்கேயும் ஒரு சொட்டு இல்லை. அந்த ஐந்து நிமிடம் எனக்கிருந்த சந்தோஷம் கல்யாணத்தன்று கூட இருந்ததில்லை. மீனாட்சி இதைப் படிக்கமாட்டாள்.

கழற்றிய பில்டரைத் தூக்கி எறிந்துவிட முடியாது. டின்னை வெட்டித் திறந்து, உள்ளே சேலைக் கொசுவம் மாதிரி மடித்திருக்கும் காகிதத்தை எடுத்து விரித்து, வெள்ளைத் தட்டில் அலசிப் பார்க்க வேண்டும். என்ஜினுக்குள் ஏதாவது தேய்ந்து உதிர்ந்தால் அந்த மடிப்பில்தான் வந்து மாட்டும். டாக்டர் இரத்தம் எடுத்துப் பார்ப்பது போலத்தான். வழக்கமாக வெட்டிய டின்னையும் தட்டுக்குப் பக்கத்தில் வைப்போம். அன்று டின்னைக் கழிவு டிரம்மில் போட்டுவிட்டுக் காகிதத்தை மட்டும் வைத்தேன். ஓட்டைகளைப் பற்றி நாளைக்குச் சொல்லிக்கொள்ளலாம்.

மேடம் வந்தார். காகிதத்தை விரித்தார். அலசினார். டார்ச்சைப் பிடித்துக் குனிந்தவர் நிமிரவே இல்லை. பிறகு கையிலிருந்த வாட்ச்சைக் கழற்றி டூல் பெட்டிக்குள் போட்டு மூடினார்.

தட்டில் இரும்புப் பொடி. பொடி கூட இல்லை, ரவை மாதிரித் துண்டுகள். சிலது ரவையைவிடப் பெரிசு. காந்தத்தை நீட்டினார். எல்லாம் துள்ளி ஒட்டின.

"அண்ணே, புக்கை எடுங்க."

எடுத்தேன். படித்தார். இந்த அளவுத் துண்டு இத்தனை இருந்தால், எங்கிருந்து வந்தது என்று தெரியும்வரை விமானம் பறக்கக்கூடாது. அதாவது என்ஜினைப் பிரிக்க வேண்டும். வாரக்கணக்காகும்.

அந்த நேரம் கேப்டன் உள்ளே வந்தார். பறக்கக் கற்றுக்கொடுக்கும் தலைமை ஆசிரியர், சென்னைக்காரர். நல்ல மனிதர்தான், ஆனால் அந்த மாதம் ஒரு விமானம் ஏற்கெனவே படுத்துவிட்டது, மழை வேறு நாட்களைத் தின்றிருந்தது. "என்ன ஸ்டெல்லா, முகம் ஒரு மாதிரி இருக்கு?" என்றார். மேடம் தட்டைக் காட்டினார். கேப்டன் அங்கிருந்த ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார்.

"டின் எங்கண்ணே?" என்று மேடம் என்னிடம் கேட்டார். "பக்கத்துலதானே வைப்பீக?"

"டிரம்முல கிடக்கு மேடம்."

"எடுத்துட்டு வாங்க."

டிரம் ஹேங்கரின் மறுகோடியில் இருந்தது. நடந்தேன். அந்தத் துண்டுகள் என் டிரில் பிட்டில் வந்தவை என்று எனக்கு அப்போது சந்தேகமே இல்லை. சொன்னால் வேலை போகும். விமானத்தில் சொல்லாமல் ஒரு காரியம் செய்தவனை வைத்துக்கொள்ளமாட்டார்கள், வைத்துக்கொள்ளவும் கூடாது. சொல்லாவிட்டால் ஒரு நல்ல என்ஜினைக் காரணமில்லாமல் பிரித்துப் போடுவார்கள், அந்தப் பெண் பறக்க முடியாது. டின்னைத் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் எறிந்துவிட்டு "காணோம் மேடம்" என்று சொல்லவும் ஒரு நிமிடம் தோன்றியது. பொய் சொல்ல வேண்டுமானால் அவர் முகத்தைப் பார்த்துப் பேச வேண்டும். என்னால் உண்மையையே யார் முகத்தையும் பார்த்துச் சொல்ல முடியாது. டின்னை எடுத்துவந்து மேசையில் ஓட்டை மேலே தெரியும்படி வைத்தேன்.

"நான்தான் போட்டேன். எண்ணெய் சிந்தக்கூடாதுன்னு. ஆணியும் டிரில் பிட்டும். உங்ககிட்ட கேக்கல."

மேடம் டின்னைத் திருப்பி ஓட்டைகளைப் பார்த்தார். கேப்டன்தான் துள்ளி எழுந்தார். "அட, அவ்வளவுதானா! பயமுறுத்திட்டீங்களேய்யா! சேவுகன், உன்னை அப்புறம் கவனிச்சுக்கறேன். ஸ்டெல்லா, விஷயம் முடிஞ்சுது. புது பில்டர் போட்டு ஓட்டிப் பாத்துட்டு சைன் பண்ணிடுங்க."

எனக்கும் பாரம் இறங்கியது. வேலை போனாலும் வண்டி பறக்கும். மேடம் மட்டும் தட்டை விட்டு நகரவில்லை.

"கேப்டன், டின்னுக்கு வெளிப்பக்கம் நீலப் பெயிண்ட். இவர் போட்ட ஓட்டையில வந்த துண்டுன்னா ஒரு பக்கமாச்சும் நீலம் இருக்கணும்."

ஊசியும் பூதக்கண்ணாடியும் எடுத்து உட்கார்ந்தார். ஒவ்வொரு துண்டாக வெள்ளைத்தாளில் பிரித்தார். நீலம் ஒட்டியது இடப்பக்கம், ஒட்டாதது வலப்பக்கம். இடப்பக்கம் பதினொன்று சேர்ந்தது. வலப்பக்கம் ஐந்து.

"பெயிண்ட் உரிஞ்சிருக்கும்மா," என்றார் கேப்டன்.

"உரிஞ்சிருக்கலாம். அண்ணே, போன மாசத்துப் பழைய பில்டர் ஒண்ணு கிடக்குல்ல? அதுல அதே மாதிரி, அதே பிட்டால ஓட்டை போடுங்க. என் முன்னால."

போட்டேன். ஆணி இரண்டு தடவை வழுக்கியது. விழுந்த துண்டுகளை மேடம் தாளில் ஏந்தினார். பெரும்பாலானவற்றில் நீலம் இருந்தது. இரண்டில் இல்லை.

"பாத்தீங்களா?" என்றார் கேப்டன். "இதுலயும் இல்லாம வருது. இன்னும் என்ன வேணும் உங்களுக்கு?"

மேடம் அந்த இரண்டையும், முந்தைய ஐந்தையும் மாற்றி மாற்றிப் பார்த்தார். எனக்கு எல்லாம் ஒரே மாதிரித்தான் தெரிந்தது. அவருக்கும் உறுதியில்லை என்று முகத்தில் தெரிந்தது. ஹேங்கர் வாசலில் வள்ளியம்மை நின்று எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள். மேடம் கையெழுத்துப் போட்டுவிடுவார் என்றுதான் நினைத்தேன். போட்டிருந்தால் யாரும் அவரைக் குற்றம் சொல்லியிருக்க முடியாது. குற்றவாளி நான் ஒருவன் கையில் ஆணியோடு நின்றுகொண்டிருந்தேனே.

"அண்ணே," என்றார், "இந்த எண்ணெய் பில்டருக்கு வாரதுக்கு முன்னால எங்குட்டு வருது?"

"கீழத் தொட்டியில இருந்து சல்லடை வழியா பம்ப்புக்கு. பம்ப்புல இருந்து பில்டருக்கு."

"அப்ப சல்லடை முன்னால. பில்டர் பின்னால."

"ஆமா மேடம்."

"சல்லடையைக் கழட்டுங்க."

அதை ஒவ்வொரு தடவையும் கழற்றுவதில்லை. அது அடியில், கை எட்டாத மூலையில் இருக்கிறது. படுத்துக்கொண்டு கழற்றினேன். கழற்றும்போது மிச்ச எண்ணெய் என் கழுத்தில் வழிந்து தரையில் பரவியது. யாரும் அதைப் பார்க்கவில்லை. விரல் நீளத்துக்கு இருக்கும் அந்தச் சல்லடையை மேடம் வெள்ளைத் தட்டில் தட்டினார். சின்னதாக மூன்று சத்தம் கேட்டது.

மூன்று துண்டு. நீலம் இல்லை. ஒரு பக்கம் கண்ணாடி மாதிரிப் பளபளப்பு, மறுபக்கம் உடைந்த கல் மாதிரிச் சொரசொரப்பு. இருபத்து மூன்று வருடம் லாரி என்ஜின் பார்த்த எனக்கு அதற்கு மேல் யாரும் சொல்ல வேண்டியதில்லை. வால்வைத் தள்ளிவிடும் டேப்பட்டின் முகம் செதில் செதிலாக உதிர்கிறது.

"உங்க டின்னுல இருந்து இங்க வர வழியே இல்ல," என்றார் மேடம்.

கேப்டன் ஒரு துண்டை விரல் நுனியில் எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார். வெகுநேரம் பார்த்தார். பிறகு தட்டில் மெதுவாக வைத்துவிட்டு, வாசலில் நின்ற பெண்ணிடம் அவரே போய்ப் பேசினார். அந்த மதிப்பு அவர் மேல் எனக்கு இன்றைக்கும் இருக்கிறது.

நாங்கள் இருவர் மட்டும் நின்றோம். என்னைப் போகச் சொல்வார் என்று காத்திருந்தேன்.

"நீங்க அந்த ஓட்டையைப் பத்தி வாயே திறக்கலைன்னா நான் என்ன பண்ணியிருப்பேன் தெரியுமாண்ணே?"

"என்ஜினைப் பிரிச்சிருப்பீக."

"ஆமா. நேராப் பிரிச்சிருப்பேன். நீங்க உண்மையைச் சொன்னதாலதான் பிரிக்காம விடப் பாத்தேன்." சொல்லிவிட்டுச் சிரித்தார். அவர் வாய்விட்டுச் சிரித்ததை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. சிரிப்பு நின்றதும் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அது சிரிப்பில் வந்த தண்ணீர் மட்டும் இல்லை என்று நினைக்கிறேன். "ஓட்டை போட்டது தப்பு. கேக்காம போட்டது பெரிய தப்பு. நடந்ததை நடந்தபடி எழுதிக் குடுங்க. பைல்ல வைக்கணும்."

"எனக்கு எழுத வராது மேடம்."

"எண்ணெய் எப்படி இறங்குச்சுன்னு எழுத வரும்ல? அதுல ஆரம்பிங்க."

எழுதினேன். ஒரு பக்கம் வந்தது. பள்ளிக்கூடத்தை விட்ட பிறகு நான் எழுதிய முதல் பக்கம் அது. எழுத்துப்பிழையைக் கூட அவர் திருத்தவில்லை. அடியில் அவர் கையால் ஒரே ஒரு வரி சேர்த்தார்: "மெக்கானிக் தாமாகவே முன்வந்து தெரிவித்தார்." அந்த வரிதான் என்னை மேலும் பன்னிரண்டு வருடம் அங்கே வேலையில் வைத்திருந்தது. ஓய்வு பெறும் நாளில் அந்தக் காகிதத்தின் நகல் ஒன்றைக் கேட்டு வாங்கிக்கொண்டேன்.

அதற்குப் பிறகு மூன்று யோசனை சொன்னேன், எல்லாம் செய்வதற்கு முன்னால். இரண்டை வேண்டாம் என்றார். மூன்றாவதுதான் அந்தப் பிளாஸ்டிக் பை. கையேட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "வேண்டாம்னு எங்கயும் போடல, செஞ்சு பாப்போம்ணே" என்றார். மேடம் இப்போது கோயம்புத்தூரில் பெரிய இடத்தில் இருக்கிறார். கிறிஸ்துமஸுக்குப் போன் செய்வார். நான் "நல்லா இருக்கீகளா மேடம்" என்பேன். அதற்கு மேல் எனக்கு ஒன்றும் வராது. சொல்ல வேண்டியதை இங்கே எழுதியிருக்கிறேன். பாண்டி படித்துவிட்டு அவருக்கு அனுப்பினால் தடுக்கமாட்டேன்.

அந்த டேப்பட் இன்னும் எத்தனை மணி நேரம் தாங்கியிருக்கும் என்று எனக்குத் தெரியாது. சேலம் போய்த் திரும்பியிருக்கலாம். யாருக்கும் தெரியாது.

மறுநாள் வெள்ளிக்கிழமை காலை ஏழு மணிக்கு முன்னாலேயே வள்ளியம்மையின் அப்பச்சி வந்துவிட்டார். என்ஜின் மேல்மூடி இல்லாமல் நின்ற விமானத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். வள்ளியம்மை என்னிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. அப்பச்சி தாம் கொண்டுவந்த தேன்குழல் டப்பாவை எங்கள் மேசையில் வைத்துவிட்டு, மகளை அழைத்துக்கொண்டு பதினொரு மணி பஸ்ஸில் தேவகோட்டைக்குத் திரும்பிப் போனார்.